துப்பாக்கி நிறுவனம் கைமாறும் செய்தியை வாசிப்பது எப்படி: கோல்ட் வரலாற்றை வைத்து ஒரு பயிற்சி

2019 செப்டம்பரில், அமெரிக்காவின் பழைய துப்பாக்கி நிறுவனங்களில் ஒன்றான கோல்ட், பொதுமக்களுக்கு விற்கும் ரைஃபிள்களின் தயாரிப்பை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. அதற்கு முந்தைய மாதம்தான் டெக்சஸின் எல் பாசோவிலும் ஒஹையோவின் டேட்டனிலும் அடுத்தடுத்த நாள்களில் துப்பாக்கிச் சூடுகள் நடந்து பலர் இறந்திருந்தனர். ஆகவே செய்தியைப் படித்தவர்களில் ஒரு சாரார், நிறுவனத்துக்கு மனசாட்சி உறுத்திவிட்டது என்று பாராட்டினார்கள். இன்னொரு சாரார், அரசியல் நெருக்கடிக்குப் பணிந்து வாடிக்கையாளரைக் கைவிட்டுவிட்டது என்று கொதித்தார்கள். நானும் என் குறிப்பேட்டில், 'கோல்ட் ரைஃபிள் இனிக் கடையில் கிடைக்காது' என்று ஒரு வரி எழுதிவைத்தேன். அடுத்த ஆண்டே அது கடைக்குத் திரும்பிவிட்டது. அந்த வரியை நான் அடிக்கவில்லை. அதன் பக்கத்திலேயே, எங்கே தவறினேன் என்று குறிக்கத் தொடங்கினேன். அந்தக் குறிப்புகள்தான் இந்த வழிகாட்டியாக வளர்ந்தன.

இது துப்பாக்கி வாங்குவோருக்கான கையேடு அன்று. தொழில்துறைச் செய்திகளைப் படிப்பவர்களும், அவற்றைத் தமிழில் எழுதுபவர்களும், 'இந்த நிறுவனத்தை அந்த நிறுவனம் வாங்கிவிட்டது' என்ற செய்தி வரும்போது அதன் விளைவாகக் கடையில் ஒரு பொருள் கிடைப்பது கூடுமா, குறையுமா என்று நிதானமாகக் கணிப்பதற்கான வழி இது. என் அனுபவத்தில் தேறிய பாடம் ஒன்றே: ஆலை யாருடையது என்று கேட்பதற்கு முன், ஆலையின் வேலை நேரத்தை யார் வாங்கியிருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும்.

பெயரையும் உரிமையாளரையும் பிரித்து எழுதுங்கள்

ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நடுவில் கோடு கிழித்து, இடப்பக்கம் உரிமையாளர் மாறிய ஆண்டுகளையும், வலப்பக்கம் அந்தந்தக் காலத்தில் பொதுமக்கள் ரைஃபிளுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். கோல்ட் என்ற பெயர் ஒன்றாக இருப்பதால் நிறுவனமும் ஒன்றாகவே இருந்துவந்திருக்கிறது என்று மனம் நம்பிவிடும். அந்த நம்பிக்கையைக் கலைப்பதுதான் இந்தத் தாளின் வேலை.

சாமுவேல் கோல்ட் 1855-இல் கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டில் நிறுவனத்தைப் பதிவு செய்தார், 1862-இல் இறந்தார். அவருடைய மனைவி எலிசபெத் அதை நாற்பது ஆண்டுகள் போலக் கையில் வைத்திருந்து, 1901-இல் முதலீட்டாளர்களுக்கு விற்றார். அத்தோடு குடும்பத்தின் கதை முடிந்தது. 1955-இல் பென்-டெக்சஸ் என்ற பலதொழில் குழுமம் கோல்டை வாங்கியது. அந்தக் குழுமமே பெயர் மாறி ஃபேர்பேங்க்ஸ் விட்னி ஆகி, பிறகு 1964-இல், தான் வாங்கிய நிறுவனத்தின் பெயரையே சூட்டிக்கொண்டு கோல்ட் இண்டஸ்ட்ரீஸ் ஆனது. வீட்டுக்கு வந்த மருமகளின் பெயரையே குடும்பப் பெயராக வைத்துக்கொண்டது போல.

வலப்பக்கம் நிரம்பத் தொடங்குவது இந்தக் காலத்தில்தான். ஃபேர்சைல்ட் என்ற விமான நிறுவனத்தின் சிறு கிளையான ஆர்மலைட், தான் வடிவமைத்த ஏஆர்-15 ரைஃபிளைப் பெரிய அளவில் தயாரிக்கப் பணமில்லாமல், அதன் உரிமையை 1959-இல் கோல்டுக்கு விற்றது. விலை 75,000 டாலரும், விற்பனையில் ஒரு சிறு விழுக்காடு ராயல்டியும். அதிலிருந்து ராணுவத்துக்கான எம்-16 பிறந்தது. அதே வடிவத்தில், விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு தோட்டா மட்டுமே வெளியேறும்படி அமைத்த ரகத்தை, 1964 முதல் கோல்ட் பொதுமக்களுக்கு விற்றது. இங்கே ஒரு விஷயத்தைத் தாளில் அடிக்கோடிட்டுக் கொள்ள வேண்டும். அந்த வடிவத்தின் முக்கியக் காப்புரிமை 1977-இல் காலாவதியானது. அதன் பிறகு யார் வேண்டுமானாலும் அதே வகை ரைஃபிளைச் செய்யலாம் என்றாகிவிட்டது. ஆகவே 1977-க்குப் பிந்தைய எந்தச் செய்தியிலும், 'கோல்ட் ரைஃபிள் கிடைக்கவில்லை' என்பதும் 'ஏஆர்-15 வகை ரைஃபிள் கிடைக்கவில்லை' என்பதும் வெவ்வேறு வாக்கியங்கள். 2019-இல் பல செய்தித் தலைப்புகள் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பின.

அடுத்து 1989. அந்த ஆண்டு ஜனவரியில் கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரப் பள்ளி ஒன்றில் குழந்தைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மார்ச்சில் மத்திய அரசு சிலவகை வெளிநாட்டு ரைஃபிள்களின் இறக்குமதியை நிறுத்தியது. அதையொட்டி கோல்ட் இண்டஸ்ட்ரீஸ் தானாகவே ஏஆர்-15-ஐப் பொதுமக்களுக்கு விற்பதை நிறுத்தியது. அந்தக் குழுமத்துக்கு வேறு தொழில்கள் பல இருந்தன. துப்பாக்கி அதன் பல கிளைகளில் ஒன்று மட்டுமே. ஒரு கிளையை வெட்டினால் மரம் சாய்ந்துவிடாது. மறு ஆண்டே, அதாவது 1990-இல், அந்தக் கிளை தனியாக விற்கப்பட்டது. வாங்கிய கூட்டணியில் தனியார் முதலீட்டாளர்களும், தொழிற்சங்கத்தினரும், கனெக்டிகட் மாநில அரசின் ஓய்வூதிய நிதியும் இருந்தார்கள். ஓய்வூதிய நிதி மட்டும் 2.5 கோடி டாலர் போட்டு 47 விழுக்காடு பங்கை எடுத்துக்கொண்டது. புதிய உரிமையாளர்களுக்குத் துப்பாக்கியைவிட்டால் வேறு பிழைப்பில்லை. துப்பாக்கிமுனைக் கத்தியை மாட்டும் கொக்கியை நீக்கி, 'ஸ்போர்ட்டர்' என்று பெயர் மாற்றி, அதே ரைஃபிளைக் கடைக்குத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

உரிமையாளர் மாற்றம் நேரடியாக ரைஃபிளின் வரவைத் தீர்மானித்த தெளிவான தருணம் இது ஒன்றுதான் என்பது என் கணிப்பு. அதிலிருந்து பொது விதி ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்: வாங்குபவருக்கு வேறு வருமானம் உண்டா என்று பாருங்கள். உண்டு என்றால், அரசியல் வெப்பம் ஏறும்போது அவர் ரைஃபிளை எளிதாகக் கைவிடுவார். இல்லை என்றால், பெயரை மாற்றியாவது விற்பார்.

மீதியை விரைவாக நிரப்பிவிடலாம். 1992-இல் திவால் பாதுகாப்பு கோரினார்கள். 1994-இல் சில்கா என்ற முதலீட்டு நிறுவனம் வாங்கியது. ஆலை மேற்கு ஹார்ட்ஃபோர்டுக்குப் போனது. 2002-இல் நிறுவனம் இரண்டாகப் பிரிந்தது: ராணுவத்துக்கும் காவல் துறைக்கும் கோல்ட் டிஃபென்ஸ், கைத்துப்பாக்கிக்கும் பொதுமக்கள் சந்தைக்கும் கோல்ட்ஸ் மேனுஃபேக்சரிங். இந்தப் பிரிவினைக் காலத்தில், கடையில் விற்ற பொதுமக்கள் ரைஃபிளைச் செய்தது முதல் நிறுவனம், விற்றது இரண்டாவது நிறுவனம். 2013 ஜூலையில் முதலாவது இரண்டாவதை 6.05 கோடி டாலருக்கு வாங்கி மறுபடி ஒன்றாகின. 2015 ஜூனில் மீண்டும் திவால் நீதிமன்றம். 2016 ஜனவரியில் திவாலிலிருந்து மீண்டது. 2021 மே மாதத்தில் செக் குடியரசின் செஸ்கா ஸ்ப்ரோயோவ்கா குழுமம், 22 கோடி டாலர் ரொக்கமும் தன் புதிய பங்குகளும் கொடுத்து கோல்டை வாங்கியது. மறு ஆண்டு அந்தக் குழுமமே கோல்ட் சிஇசட் என்று பெயர் மாற்றிக்கொண்டது. 1964-இல் நடந்த அதே விஷயம் ஏறத்தாழ அறுபது ஆண்டு இடைவெளியில் திரும்ப நடந்திருக்கிறது: வாங்கியவர் வாங்கப்பட்டவரின் பெயரைச் சூடிக்கொள்கிறார். பெயருக்கு இருக்கும் மதிப்பு, கணக்குப் புத்தகத்துக்கு இல்லை போலும்.

உலோகத்தில் பொறித்திருப்பதையும் படியுங்கள்

அருங்காட்சியகத்திலோ ஏலப் பட்டியலின் படங்களிலோ பழைய கோல்ட் ரைஃபிளைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால், அதன் இடப்பக்கத்தை, தோட்டாக்கள் அடுக்கிய மேகசின் நுழையும் வாய்க்கு மேலே உள்ள தட்டையான இடத்தைப் பாருங்கள். நிறுவனத்தின் பெயர், மாடல், தொடர் எண் ஆகியவை அங்கேதான் பொறிக்கப்பட்டிருக்கும். 1960-களின் தொடக்கப் பிரதிகளில் பழைய முழுப்பெயர், சுருக்கப் புள்ளிகளோடு, ஹார்ட்ஃபோர்டு என்று முடியும். அதற்குப் பிந்தையவற்றில் கோல்ட் இண்டஸ்ட்ரீஸின் துப்பாக்கிப் பிரிவு என்று மாறியிருக்கும். 1990-க்குப் பிந்தையவற்றில் மேனுஃபேக்சரிங் கம்பெனி என்ற சொல் வந்துவிடும். நீங்கள் தாளில் எழுதிய இடப்பக்க வரிசை அப்படியே அலுமினியத்தில் பொறிக்கப்பட்டிருப்பதைக் காண்பது தனி மகிழ்ச்சி. ஆனால் ஓர் எச்சரிக்கை: ஆலை மேற்கு ஹார்ட்ஃபோர்டுக்குப் பெயர்ந்து ஆண்டுகள் பல கழிந்த பின்னும் ரைஃபிளில் ஹார்ட்ஃபோர்டு என்றே பொறித்துவந்தார்கள். பொறிப்பு உரிமையாளரைச் சொல்லும். ஆலையின் முகவரியைச் சொல்லும் என்று நம்பிவிடக் கூடாது.

ஆர்டர் புத்தகமே முதல் சாட்சி

இனி விஷயத்தின் மையத்துக்கு வருவோம். ஒரு துப்பாக்கி ஆலையில் குழலைக் குடையும் இயந்திரமும், மேல்பூச்சுத் தொட்டியும், சோதனைச் சுடுதளமும் ராணுவ ரைஃபிளுக்கும் பொதுமக்கள் ரைஃபிளுக்கும் பெரும்பாலும் பொதுவானவை. எம்-4 ராணுவ ரைஃபிளின் குழல் 14.5 அங்குலம், 1934-ஆம் ஆண்டுச் சட்டப்படி 16 அங்குலத்துக்குக் குறைந்த குழலுள்ள ரைஃபிளைத் தனிப் பதிவு இல்லாமல் குடிமக்கள் வைத்திருக்க முடியாது என்பதால், கடைக்குப் போகும் ரகத்தின் குழல் 16 அங்குலத்தைச் சற்றே தாண்டியிருக்கும். தானியங்கியாகச் சுடும் புதிய துப்பாக்கிகளைக் குடிமக்களுக்கு விற்பது 1986 முதல் தடை என்பதால், விசை அமைப்பின் உள்ளுறுப்புகளும் வேறு. இவ்வளவே வேறுபாடு. ஆகவே ராணுவ ஆர்டர் நிறைந்து வழிந்தால் கடைக்குப் போகும் ரைஃபிள் குறையும். ராணுவ ஆர்டர் வற்றினால் கடைக்குப் போவது கூடும், கூட வேண்டும் என்ற கட்டாயமும் வரும்.

இந்த அளவுகோலை நம் தாளின் மேல் வைத்துப் பாருங்கள். 1986 ஜனவரியில் கோல்டின் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அது நான்கு ஆண்டுகள் நீடித்தது. அதற்கிடையே 1988-இல், எம்-16 தயாரிக்கும் ராணுவ ஒப்பந்தம் பெல்ஜியத்தின் எஃப்என் நிறுவனத்தினுடைய அமெரிக்கக் கிளைக்குப் போனது. பல ஆண்டுகளாக ராணுவ ரைஃபிள் என்றாலே கோல்ட் என்றிருந்த நிலை அங்கே உடைந்தது. 1990-இல் வந்த புதிய உரிமையாளர்கள் ஸ்போர்ட்டரை அவசரமாகக் கடைக்குக் கொண்டுவந்ததற்கு, முன் சொன்ன காரணத்தோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2013 பிப்ரவரியில் எம்-4 ஒப்பந்தமும் எஃப்என் நிறுவனத்துக்கே போனது. கோல்ட் டிஃபென்ஸ், பொதுமக்கள் சந்தையைக் கையில் வைத்திருந்த தன் உடன்பிறப்பு நிறுவனத்தை வாங்கியது அதே ஆண்டு ஜூலையில் என்பதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ராணுவக் கதவு சாத்தப்பட்டபோது கடைக் கதவைத் தன் பெயருக்கு எழுதிக்கொண்டது என்று நான் வாசிக்கிறேன்.

(இடையில் ஒரு சொல்: எஃப்என் குழுமத்தின் முழு உரிமையாளர் பெல்ஜியத்தின் வலோனியா வட்டார அரசு. அமெரிக்கப் படைவீரன் தோளில் தொங்கும் ரைஃபிளின் லாபம், லீஜ் நகரத்துப் பக்கம் ஓர் அரசின் கஜானாவுக்குப் போகிறது. உரிமையாளரின் நாடு எது என்ற கேள்விக்குச் செய்தித்தாள்கள் தரும் முக்கியத்துவத்தை நான் சற்றுச் சந்தேகத்தோடு பார்ப்பதற்கு இது ஒரு காரணம்.)

இப்போது 2019-க்குத் திரும்புவோம். அப்போதைய அறிவிப்பை முழுதாகப் படித்தவர்களுக்கு அதில் இரண்டு காரணங்கள் தெரிந்திருக்கும்: பொதுமக்கள் ரைஃபிள் சந்தையில் தேவைக்கு மிஞ்சிய உற்பத்தித் திறன் குவிந்து கிடக்கிறது, ராணுவத்திடமிருந்தும் காவல் துறையிடமிருந்தும் வந்த ஒப்பந்தங்கள் ஆலையின் ரைஃபிள் தயாரிப்புத் திறனை முழுதாக எடுத்துக்கொள்கின்றன. ஆயுத உரிமை தரும் அரசியலமைப்புத் திருத்தத்துக்குத் தாங்கள் உறுதியாக நிற்கிறோம் என்றும் அதே அறிவிப்பு சொன்னது. நான் அன்று படித்தது தலைப்பை மட்டும். 'நிறுத்திவைக்கிறோம்' என்ற சொல்லை 'கைவிடுகிறோம்' என்று மனத்துக்குள் மொழிபெயர்த்துக்கொண்டேன். கைத்துப்பாக்கிகளை விட்டுவிடவில்லை என்பதையும் கவனிக்கவில்லை. 2020 ஜனவரியில், நெடுநாளாக நின்றுபோயிருந்த பைத்தான் என்ற ரிவால்வரையே புதிதாகக் கொண்டுவந்தார்கள். மனசாட்சியினால் விலகுகிற நிறுவனம் அப்படிச் செய்யாது. சந்தையில் எது லாபம் தரும் என்று கணக்குப் பார்க்கிற நிறுவனம் செய்யும்.

2020-இல் தொற்றும், தெருப் போராட்டங்களும், தேர்தலும் ஒன்றாக வந்தன. துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியைச் சரிபார்க்கும் எஃப்பிஐ அமைப்பில் 2019-இல் 2.84 கோடியாக இருந்த சரிபார்ப்புகள், 2020-இல் ஏறத்தாழ 3.97 கோடி ஆயின. சந்தையில் மிகைத் திறன் என்ற முதல் காரணம் ஒரே ஆண்டில் கரைந்துபோனது, ரைஃபிளும் திரும்பிவந்தது. இதற்கு இடையில் உரிமையாளர் மாறவில்லை என்பதைத் தாளில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். செக் குழுமம் வந்தது அதன் பிறகுதான்.

எந்தெந்த ஆவணத்தில் தேடுவது

பங்குச் சந்தையில் இல்லாத தனியார் நிறுவனத்தின் உள்விவரம் வெளியே வராது என்பது பொதுவான எண்ணம். கோல்ட் டிஃபென்ஸ் விஷயத்தில் அது பொய்த்தது. 2009-இல் அது 25 கோடி டாலருக்கு, 8.75 விழுக்காடு வட்டியில், 2017-இல் திருப்பித் தரும் கடன் பத்திரங்களை விற்றது. அவற்றைப் பதிவு செய்ததனால், அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணையத்திடம் ஆண்டறிக்கை தாக்கல் செய்யும் கடமை அதற்கு வந்தது. ஆணையத்தின் இணையக் களஞ்சியத்தில் நிறுவனப் பெயரைத் தட்டினால், அந்தச் சில ஆண்டுகளின் அறிக்கைகள் இலவசமாகக் கிடைக்கும். எத்தனை விழுக்காடு வருமானம் எந்த வகை வாடிக்கையாளரிடமிருந்து வருகிறது என்ற பட்டியலைத் தேடுங்கள். பிறகு 'ஆபத்துக் காரணிகள்' என்ற பகுதிக்குப் போங்கள். வக்கீல்கள் எழுதுவதால் அந்தப் பகுதி படிக்க அலுப்பாக இருக்கும். ஆனால் நிறுவனம் தன் பலவீனத்தைத் தானே ஒப்புக்கொள்ளும் இடம் அது ஒன்றுதான்.

25 கோடிக்கு 8.75 விழுக்காடு என்றால் ஆண்டுக்கு வட்டி மட்டுமே ஏறத்தாழ 2.2 கோடி டாலர். அந்த எண்ணைத் தாளின் ஓரத்தில் பெரிதாக எழுதிக்கொண்டால், 2013-இல் எம்-4 ஒப்பந்தம் போன பிறகு 2015-இல் திவால் நீதிமன்றம் ஏன் வந்தது என்று யாரும் விளக்க வேண்டியிருக்காது. கடன் கழுத்தை நெரிக்கும் நிறுவனம் மூலப்பொருள் வாங்கவே திணறும். மூலப்பொருள் இல்லாமல் கடைக்கு ரைஃபிள் எப்படிப் போகும்?

இரண்டாவது ஆவணம், மதுபானம், புகையிலை, துப்பாக்கி ஆகியவற்றைக் கண்காணிக்கும் மத்திய அமைப்பு வெளியிடும் ஆண்டு உற்பத்தி அறிக்கை. உரிமம் பெற்ற ஒவ்வொரு தயாரிப்பாளரும், முந்தைய ஆண்டில் எத்தனை பிஸ்டல், எத்தனை ரிவால்வர், எத்தனை ரைஃபிள், எத்தனை ஷாட்கன் செய்தார் என்று கணக்குக் கொடுக்க வேண்டும். அது நிறுவனவாரியாக வெளியாகிறது. நம் வேலைக்கு இதைவிட உதவும் ஆவணம் இல்லை. ஆனால் மூன்று விஷயங்களை மறக்கக் கூடாது. அமெரிக்க ராணுவத்துக்குச் செய்தவை இந்தக் கணக்கில் வரா. காவல் துறைக்குச் செய்தவை வரும். எண்கள் வெளிவர ஓராண்டுக்கு மேல் தாமதமாகும். ஆகவே ரைஃபிள் பத்தியில் எண் சரிந்தால் ஆலை தூங்குகிறது என்று பொருளில்லை. ராணுவத்துக்காக இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கலாம்.

பின்னணிச் சரிபார்ப்பு எண்ணைப் பற்றியும் ஒரு சொல். ஒரு சரிபார்ப்பு என்றால் ஒரு விற்பனை என்று எழுதுவது பரவலான பிழை. உரிமம் புதுப்பிக்கவும், அடகு வைத்ததை மீட்கவும்கூடச் சரிபார்ப்பு நடக்கிறது. ஒரே சரிபார்ப்பில் இரண்டு துப்பாக்கி வாங்குபவரும் உண்டு. சந்தையின் காய்ச்சல் ஏறுகிறதா, இறங்குகிறதா என்று பார்க்க அந்த எண் போதும். எத்தனை விற்றது என்று சொல்ல உதவாது.

மாநிலச் சட்டத்தைத் தனி வரியாக வையுங்கள்

ஆலையிலிருந்து ரைஃபிள் வெளியேறுவது ஒன்று. குறிப்பிட்ட ஊரின் கடையில் அதை வைத்திருக்க முடிவது வேறொன்று. 1994 செப்டம்பரில் வந்த மத்தியச் சட்டம் ஏஆர்-15-ஐப் பெயர் சொல்லியே தடுத்தது. பத்தாண்டுகளுக்குப் பிறகு, 2004-இல் அது காலாவதியானது. அந்தப் பத்தாண்டிலும், தடைசெய்த உறுப்புகளைக் கழற்றிவிட்டு 'மேட்ச் டார்கெட்' என்ற பெயரில் கோல்ட் விற்றுக்கொண்டுதான் இருந்தது. 2023-இல் இல்லினாயும் வாஷிங்டனும் தத்தம் எல்லைக்குள் இவ்வகை ரைஃபிள்களின் விற்பனையைத் தடுத்தன. கனடாவில் 2020 மே மாதம் வந்த தடை, அங்கே ஆலை வைத்திருக்கும் கோல்டின் கனடாக் கிளைக்கு உள்நாட்டுப் பொதுமக்கள் சந்தையைப் பெருமளவு அடைத்தது. இந்த எதுவும் உரிமையாளரைப் பொறுத்ததன்று.

ஆனால் கனெக்டிகட்டை மட்டும் நின்று பார்க்க வேண்டும். 1993-இல் அம்மாநிலச் சட்டமன்றம் நிறைவேற்றிய தடைச் சட்டத்தின் பட்டியலில் கோல்ட் ஏஆர்-15-உம் ஸ்போர்ட்டரும் பெயரோடு இடம்பெற்றன. அந்த நேரத்தில் அதே மாநிலத்தின் ஓய்வூதிய நிதி அந்த நிறுவனத்தின் பெரும்பங்குதாரர்களில் ஒன்று. வலக்கையால் முதலீடு செய்ததை இடக்கையால் தடுத்திருக்கிறார்கள். உரிமையாளர் அரசாக இருந்தால் சட்டம் இளகும் என்று நினைப்பவர்களுக்கு இதை எடுத்துக் காட்டுவது என் வழக்கம்.

ஆலை இடம் பெயர்ந்தால்

கோல்டின் கதையில் உரிமையாளர்கள் மாறினாலும் ஆலை ஒரே வட்டாரத்தைவிட்டுப் போகவில்லை. போனால் என்ன ஆகும் என்று அறிய மார்லின் நிறுவனத்தைப் பாருங்கள். கனெக்டிகட்டில் 1870-இல் தொடங்கி, நெம்புகோலை இழுத்துத் தோட்டா ஏற்றும் வேட்டை ரைஃபிள்களைச் செய்துவந்த மார்லினை, 2007-08-இல் ரெமிங்டன் வாங்கியது. 2011-க்குள் பழைய ஆலையை மூடி, தயாரிப்பை நியூயார்க் மாநிலத்தின் இலியனுக்கு மாற்றியது. இயந்திரங்கள் லாரியில் ஏறின; அவற்றின் நெளிவு சுளிவு தெரிந்த கைகள் ஏறவில்லை. இலியனிலிருந்து வந்த முதல் சில ஆண்டுகளின் ரைஃபிள்கள், குறிபார்க்கும் முனை சாய்ந்தும் மரக்கட்டை சரியாகப் பொருந்தாமலும் இருந்தன என்று வாங்கியவர்கள் குறைபட்டார்கள். பழைய ஆலையில் செய்த குழலில் இருந்த 'ஜேஎம்' முத்திரையைத் தேடிப்பிடித்து வாங்குவது வழக்கமாயிற்று.

ரெமிங்டன் 2018-இலும் 2020-இலும் திவாலானது. 2020 ஏலத்தில் மார்லினை ருகர் நிறுவனம் ஏறத்தாழ 2.83 கோடி டாலருக்கு எடுத்தது. வாங்கிய கையோடு கடைக்கு அனுப்பவில்லை. இயந்திரங்களை வட கரோலினாவின் மேயோடனில் நிறுவி, வரைபடங்களைத் திருத்தி, முதல் ரைஃபிளை வெளியே விட 2021 டிசம்பர் வரை, ஓராண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது. அதுவும் ஒரே ஒரு மாடல். பலரும் விரும்பிய 336 மாடலுக்கு மேலும் ஓராண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே கைமாற்றச் செய்தியில் 'பெயரும் வடிவமைப்பும் இயந்திரங்களும்' என்று மட்டும் இருந்து, 'ஆலையும் பணியாளர்களும்' என்று இல்லாவிட்டால், தாளின் வலப்பக்கத்தில் ஓராண்டு இடைவெளியைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம். கோல்டைச் செக் குழுமம் வாங்கியபோது மேற்கு ஹார்ட்ஃபோர்டு ஆலை அப்படியே ஓடியது. அதனால்தான் அங்கே இடைவெளி விழவில்லை.

அதே ரெமிங்டன் ஏலத்தில் இன்னொரு பாடமும் இருக்கிறது. ரெமிங்டன் துப்பாக்கித் தொழிலை ரவுண்ட்ஹில் குழுவும், ரெமிங்டன் தோட்டாத் தொழிலை விஸ்டா அவுட்டோரும் எடுத்துக்கொண்டன. அன்று முதல் ஒரே பெயர் பொறித்த ரைஃபிளும் தோட்டாப் பெட்டியும் வெவ்வேறு வீட்டுப் பிள்ளைகள். இலியன் ஆலை 2024 மார்ச்சில் மூடப்பட்டபோது, 'ரெமிங்டன் மூடப்பட்டது' என்ற தலைப்பைப் படித்துத் தோட்டாவும் நின்றுவிடும் என்று பயந்தவர்கள் தாள் போட்டுப் பார்க்காதவர்கள்.

செக் நாட்டு உரிமையாளரைப் படிப்பது

2021-க்குப் பிறகான செய்திகளுக்கு இதே முறையைப் பொருத்திப் பாருங்கள். கோல்ட் சிஇசட் குழுமம் பிராக் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. ஆகவே காலாண்டுதோறும் அது பேசியாக வேண்டும். அறிக்கையில் எத்தனை துப்பாக்கி விற்றது என்ற எண்ணும், அமெரிக்கா, கனடா, செக் குடியரசு, பிற ஐரோப்பா என்று வருமானம் பிரிந்து வரும் பட்டியலும் இருக்கும். அமெரிக்கப் பங்கு சரிந்து, கனடா அல்லது ஐரோப்பியப் பங்கு ஏறியிருந்தால், ராணுவ ஆர்டர்கள் ஆலை நேரத்தைத் தின்கின்றனவா என்ற கேள்வியை உடனே கேளுங்கள். அந்தக் குழுமத்துக்கு அமெரிக்கச் சந்தையில் விற்கச் சொந்தமாக வேறு ரைஃபிள்களும் பிஸ்டல்களும் உண்டு. ஆகவே கோல்ட் ரைஃபிளுக்குத் தட்டுப்பாடு வந்தால் அதற்கு வருமானம் முழுதாக நின்றுவிடாது. இந்த வகையில் அது 1990-இன் கூட்டணியைவிட 1989-இன் கோல்ட் இண்டஸ்ட்ரீஸுக்கு ஒருபடி நெருக்கமானது. ஆனால் அதன் எல்லாத் தொழிலும் ஆயுதமே என்பதால், அரசியல் காரணத்துக்காகக் கைகழுவும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இன்னொரு பொறியும் இருக்கிறது. 2024 மே மாதம் கோல்ட் சிஇசட், செக் தோட்டா நிறுவனமான செல்லியர் அண்ட் பெல்லோவை வாங்கியது. அதே ஆண்டு நவம்பரில் விஸ்டா அவுட்டோரின் தோட்டாத் தொழில், ரெமிங்டன் தோட்டா உள்பட, செக்கோஸ்லோவாக் குழுமம் என்ற வேறொரு செக் நிறுவனத்துக்குப் போனது. 'செக் நிறுவனம் அமெரிக்கத் துப்பாக்கித் தொழிலை வாங்குகிறது' என்று சுருக்கி எழுதினால் இந்த இரண்டு போட்டியாளர்களும் ஒருவராகிவிடுவார்கள். செய்தி எழுதும்போது நாட்டின் பெயரை விட்டாலும் குழுமத்தின் பெயரை விடாதீர்கள். உங்கள் தாளில் இருவருக்கும் தனித்தனிப் பத்தி போட்டுவிடுங்கள்.